அபயக் குரலும் மறுமொழியும்

மனிதன் ஊரை விட்டுத் தனிவழியே செல்லத் தொடங்கிய நாள் முதலாக, அவனைத் தொடர்ந்து வந்த அச்சம் ஒன்று உண்டு. இடர் நேர்ந்தால் அதனை யாரிடம் உரைப்பது, உரைத்தாலும் கேட்பவர் யார் என்பதே அவ்வச்சம். பனியிலும் வெள்ளத்திலும் மாண்டவர் பலர். உதவிக்கு ஆள் இருந்தும், செய்தி உரிய காலத்தில் சென்று சேராமையால் மாண்டவரும் பலர்.

இன்று உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்று இக்குறையைப் பெரிதும் போக்கியிருக்கிறது. கைபேசிக் கோபுரம் எட்டாத மலையிடுக்கிலிருந்தும் பாலைவனத்திலிருந்தும் அது செயற்கைக் கோள் வழியாகச் சில வரிச் செய்தியை அனுப்புகிறது. தான் இருக்கும் இடத்தையும் உடன் தெரிவிக்கிறது. தில்லியிலும் பெங்களூரிலும் புணேயிலும் வாழும் நம்மவருள், விடுமுறை கிடைத்ததும் இமயத்தை நோக்கிப் புறப்படுவோர் பலர் உளர். இத்தகைய கருவியை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று அவர்கள் வினவுகின்றனர். விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இக்கருவியின் வரலாற்றைச் சற்று அறிந்துகொள்வது நலம். ஏனெனில், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அவ்வரலாறே நமக்குக் கூறுகிறது.

முதற் பாடம் கடலில் கிடைத்தது. கப்பல்கள் கம்பியில்லாத் தந்தியைப் பயன்படுத்தத் தொடங்கிய சில ஆண்டுகளில், 1906இல் பெர்லின் நகரில் கூடிய சர்வதேச மாநாடு எஸ்.ஓ.எஸ். என்னும் அபாயக் குறியை ஏற்றுக்கொண்டது. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியபோது, அக்கப்பலின் தந்தியாளர்கள் இடையறாது செய்தி அனுப்பினர். அண்மையில் கலிபோர்னியன் என்னும் கப்பல் நின்றிருந்தது. ஆயினும், அதிலிருந்த ஒரே தந்தியாளர் மோதல் நிகழ்வதற்குச் சற்று முன்னர்தான் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றிருந்தார். செய்தியைக் கேட்டு விரைந்து வந்த கார்பேத்தியா தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. அது வந்தபோது டைட்டானிக் மூழ்கி ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாகியிருந்தது. அனுப்பும் கருவி இருந்தது. அருகிலேயே வாங்கும் கருவியும் இருந்தது. கேட்கும் செவிதான் இல்லை. இதன் விளைவாக, இரவும் பகலும் அபாயச் செய்திக்குக் காவலிருத்தல் வேண்டும் என்னும் விதியை 1914ஆம் ஆண்டின் கடற்பயணப் பாதுகாப்பு உடன்படிக்கை வகுத்தது.

கடலில் கண்ட தீர்வு மலைக்குப் பொருந்தவில்லை. மலைமுகடு வானொலி அலையை மறித்துவிடும். சிறிய கருவியின் ஒலி அடுத்த பள்ளத்தாக்கிற்கே எட்டாது. 1972ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களாகிய ஹேல் பாக்ஸ், நிக் பெகிச் ஆகிய இருவரை ஏற்றிக்கொண்டு அலாஸ்கா மாநிலத்தில் பறந்த சிறு விமானம் மறைந்துபோயிற்று. 39 நாட்கள் பெரும் படை தேடியும் பயனில்லை. அவ்விமானத்தின் சுவடு பின்னரும் கிடைக்கவில்லை. எழுபதுகளின் நடுவில் அமெரிக்கச் சிறு விமானங்களில் தானே ஒலிக்கும் அபாய அறிவிப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. எனினும், 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அக்கருவி எழுப்பிய ஒலியை, மேலே பறந்து செல்லும் வேறொரு விமானம் தற்செயலாகக் கேட்டாலன்றிப் பயனில்லை. மீண்டும் அதே வினா எழுந்தது: ஓயாது கேட்டுக்கொண்டிருக்கும் செவியை எங்கே வைப்பது?

விண்ணில் வைப்பது என்பதே அதற்குக் கிடைத்த விடை. அவ்விடைக்கான விதை முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. 1957 அக்டோபர் 4ஆம் தேதி சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியபோது, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கையர், வைஃபன்பாக் என்னும் இருவர் அதன் ஒலியைக் கூர்ந்து கேட்டனர். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உச்சத்திலும், நம்மைக் கடந்து செல்லும் ரயிலின் ஊதல் தாழ்ந்தும் ஒலிப்பதை நாம் அறிவோம். 1842இல் டாப்ளர் என்னும் அறிஞர் விளக்கிய விளைவு இதுவே. ஸ்புட்னிக்கின் ஒலியில் காணப்பட்ட இந்த ஏற்றத்தாழ்வைக் கொண்டே அது எப்பாதையில் செல்கிறது என்பதை அவ்விருவரும் கணக்கிட்டனர். கணக்கைத் திருப்பிப் போட்டால், செல்லும் பாதை தெரிந்த கோளைக் கொண்டு தரையிலுள்ள கருவியின் இடத்தை அறியலாம் அன்றோ? இந்தக் கருத்தின்மேல் எழுந்ததே செயற்கைக்கோள் வழி மீட்புப் பணி.

இனி நிகழ்ந்தது வியப்புக்குரியது. பகைமை பாராட்டி நின்ற வல்லரசுகள் இரண்டும் இப்பணியில் கைகோத்தன. 1979ஆம் ஆண்டு அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. காஸ்பாஸ்–சார்சாட் என்பது அத்திட்டத்தின் பெயர். முற்பாதி ருஷ்யப் பெயரின் சுருக்கம், பிற்பாதி ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 1982 ஜூன் 30ஆம் தேதி முதற் கோளைச் சோவியத் நாடு ஏவியது. சோதனைகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அவ்வாண்டு செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பகுதியில் ஒரு சிறு விமானம் விழுந்தது. முன்னர்க் காணாமற்போன மற்றொரு விமானத்தைத் தேடிச் சென்ற விமானம் அது. அதன் அபாயக் கருவி எழுப்பிய ஒலியைச் சோவியத் கோள் கேட்டது. கனடாவின் தரைநிலையம் இடத்தைக் கணக்கிட்டது. மூவர் உயிருடன் மீட்கப்பட்டனர். தேடிச் சென்றவர்களே தேடப்படுபவர்களாக மாறிய அந்நிகழ்ச்சியே இத்திட்டத்தின் முதல் வெற்றி. அன்று தொட்டு இத்திட்டத்தால் உயிர் தப்பியோர் 50,000க்கும் மேற்பட்டோர்.

கேட்கும் செவி கிடைத்தது. அடுத்த வினா, குரல் கொடுப்பவன் யார், எங்கிருக்கிறான் என்பது. பழைய 121.5 அலைவரிசைக் கருவி வெறும் ஒலியை மட்டும் எழுப்பியது. யாருடையது என்று சொல்லாது. அதைக் கொண்டு கணித்த இடம் சுமார் 20 கிலோமீட்டர் வரை பிசகக்கூடும். மலைநாட்டில் 20 கிலோமீட்டர் என்பது மூன்று பள்ளத்தாக்குகள் தள்ளி என்று பொருள்படலாம். பிறகு வந்த 406 மெகாஹெர்ட்ஸ் கருவி, தனக்கே உரிய அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்புகிறது; அதன் இடக்கணிப்புப் பிழை சுமார் 5 கிலோமீட்டர். ஜி.பி.எஸ். இடங்காட்டி உடனிணைந்த கருவியாயின் பிழை சுமார் 100 மீட்டராகக் குறைகிறது. 2009 பிப்ரவரி 1ஆம் தேதியுடன், செயற்கைக் கோள்கள் பழைய அலைவரிசையைக் கேட்பது நிறுத்தப்பட்டது. பழைய பொருள்களை மலிவு விலைக்கு வாங்குவோர் இந்த ஒரு செய்தியை மறத்தலாகாது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. பொத்தானை அழுத்தியவன் தன் குரல் கேட்கப்பட்டதா இல்லையா என்பதை அறியான். காலொடிந்து பனியில் கிடப்பவனுக்கு அந்த ஐயம் சிறிய துன்பமன்று. இருந்த இடத்திலேயே காத்திருப்பதா, தவழ்ந்தேனும் கீழே இறங்குவதா என்பதை அவன் முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவு பிழையாயின், உதவி வந்து சேரும்போது அவன் அங்கே இரான். ஆகவே, மறுமொழி என்பது மனத்திற்கு ஆறுதல் மட்டுமன்று, உயிர்காக்கும் செய்தியுமாகும்.

இம்மறுமொழி வணிக நிறுவனங்களின் வழியே வந்தது. தனிமம் ஒன்றின் பெயர் தாங்கிய இரிடியம் நிறுவனம் முதலில் 77 கோள்களை ஏவத் திட்டமிட்டது. 77 என்பது அத்தனிமத்தின் அணு எண். பின்னர் 66 கோள்களே போதும் எனக் கண்டது. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களை ஒட்டிச் சுழலும் அக்கோள்கள், தம்முள் ஒன்றுக்கொன்று செய்தி கைமாற்றிக்கொள்ள வல்லவை. 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. மறு ஆண்டே நிறுவனம் நொடித்தது. 2001இல் புதிய உரிமையாளரின் கீழ் மீண்டும் தலையெடுத்தது. குளோபல்ஸ்டார் என்னும் மற்றொரு நிறுவனத்தின் கோள்கள் சுமார் 1,400 கிலோமீட்டர் உயரத்தில் சுழல்பவை. அவை தாம் கேட்டதை உடனே கீழே திருப்பி அனுப்புபவை. ஆகவே, பயணி இருக்கும் இடமும் ஒரு தரைநிலையமும் ஒரே சமயத்தில் கோளின் பார்வைக்குள் இருத்தல் வேண்டும். 2007இல் குளோபல்ஸ்டார் வழியே இயங்கும் ஸ்பாட் என்னும் சிறு கருவி விற்பனைக்கு வந்தது. நலம், உதவி தேவை, உயிருக்கு ஆபத்து என்னும் வகையிலான செய்திகளை அது அனுப்பும்; பதில் வாங்க அதனால் இயலாது. 2011இல் இரிடியம் வழியே இயங்கும் இன்ரீச் என்னும் கருவி வந்தது. 160 எழுத்துகள் வரை இருபுறமும் செய்தி பரிமாற அதனால் இயன்றது. அரசுகளின் மீட்புத் திட்டமும் பின்தங்கிவிடவில்லை. ஐரோப்பாவின் கலிலியோ கோள்கள், தகுந்த 406 கருவியை உடையவனுக்கு அபாயக் குரல் கிட்டியது என்று தெரிவிக்கும் சேவையை 2020 ஜனவரியில் தொடங்கின. 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆப்பிள் நிறுவனத்தின் கைபேசியே குளோபல்ஸ்டார் கோள் வழியாக அபாயச் செய்தி அனுப்பத் தொடங்கியது.

நம் நாட்டில் இத்துறை மலையைவிடக் கடலிலேயே வேரூன்றியது. காஸ்பாஸ்–சார்சாட் திட்டத்தில் இந்தியாவும் பங்கேற்றுள்ளது. பெங்களூரிலும் லக்னோவிலும் தரைநிலையங்கள் அமைந்தன. பெங்களூரிலுள்ள இந்தியக் கட்டுப்பாட்டு மையம் அபாயக் குரல்களைப் பிரித்தறிந்து மீட்புப் படையினருக்குத் தெரிவிக்கிறது. 1992இல் ஏவப்பட்ட இன்சாட் 2ஏ முதலாக நம் கோள்கள் சிலவும் இப்பணிக்கான கருவியைச் சுமந்தன. 2010ஆம் ஆண்டு முதல் மீன்பிடி படகுகளுக்கென இஸ்ரோ வடிவமைத்த அபாய அறிவிப்புக் கருவி வழக்கிற்கு வந்தது. ஆனால், அதுவும் ஒருவழிக் கருவியே.

ஒருவழித் தொடர்பின் குறையை 2017ஆம் ஆண்டு ஒக்கிப் புயல் நமக்குக் கொடுமையாக உணர்த்தியது. நவம்பர் இறுதியில் அப்புயல் விரைந்து உருவெடுத்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர்கள் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கரையில் எச்சரிக்கை இருந்தது. அது தொலைவிலிருந்த படகுகளுக்குப் போய்ச் சேர வழியில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தம்மவரை இழந்தன. கரையிலிருந்து கடலுக்குச் செய்தி அனுப்பும் ஜெமினி என்னும் கருவி 2019இல் அறிமுகமாயிற்று. அதன் வழியே மீனவர் திரும்பப் பேச இயலாது. 2024 ஜனவரியில் இஸ்ரோ இரண்டாம் தலைமுறை அபாயக் கருவியை வெளியிட்டது. மீனவர் அழைத்தால், கேட்டுக்கொண்டோம் என்னும் மறுமொழி இதில் அவருக்கே வந்து சேரும். புயல் எச்சரிக்கையும் வந்து சேரும். குரலும் மறுமொழியும் ஒரு கருவியில் கூடுவதற்கு ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆயின.

மலைக்கு வருவோம். 2024 ஜூன் மாதம் உத்தராகண்டத்தில் சகஸ்திர தால் என்னும் உயர்மலை ஏரிக்குச் சென்ற 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. அவர்களுள் பெரும்பாலோர் கர்நாடகத்திலிருந்து சென்றவர்கள். ஜூன் 3ஆம் தேதி புயல் தாக்கியது. கைபேசித் தொடர்பற்ற அவ்விடத்திலிருந்து செய்தி அதிகாரிகளுக்கு எட்டியது மறுநாள்தான். அதன்பின் விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் மாநிலப் பேரிடர் மீட்புப் படையினரும் விரைந்து 13 பேரை மீட்டனர். 9 பேர் மாண்டனர். முன்னதாகச் செய்தி வந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்று எவரும் உறுதியாகக் கூற இயலாது. ஆனால், மீட்போர் முன்னதாகவே புறப்பட்டிருக்கலாம் என்பதில் ஐயமில்லை.

அங்ஙனமாயின், வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் சொல்லி ஒரு கருவியை வருவித்துக்கொள்ளலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். உரிமமின்றிக் கம்பியில்லாத் தந்திக் கருவியை வைத்திருத்தல் குற்றம் என்பது 1933ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே நம் நாட்டில் விதிக்கப்பட்டது. பழைய சட்டங்களின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் செயற்கைக்கோள் தொலைபேசியைக் கொண்டுவந்திருந்தனர். அதன் பின்னர் இக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில், இத்தகைய செய்திக் கருவியைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணியர் தடுத்து நிறுத்தப்பட்டு வழக்கை எதிர்கொண்டனர். பிற நாடுகளில் கடையில் விற்கும் பொருள் என்பதனால் இங்கும் தடையில்லை என்று கொள்ளுதல் தவறு. பி.எஸ்.என்.எல். நிறுவனம் இன்மார்சாட் கோள்கள் வழியான தொலைபேசிச் சேவையை 2017இல், முதற்கண் அரசுத் துறைகளுக்காகத் தொடங்கியது. எக்கருவியாயினும், தொலைத்தொடர்புத் துறையின் எழுத்து வடிவான அனுமதி உண்டா என்பதை வாங்குமுன் விசாரித்து அறிதல் வேண்டும். மலைநடைக்கு அழைத்துச் செல்லும் நிறுவனத்தினரிடமும், அனுமதி பெற்ற தொடர்புக் கருவி எது, அது யார் கையில் இருக்கும் என்று முன்பணம் செலுத்துவதற்கு முன்னரே கேட்பது நம் உரிமை.

சட்டம் இடந்தரும் நாடுகளுக்குச் செல்வோரும், இங்கே முறையான அனுமதி பெற்றோரும் கருவியைத் தேர்ந்தெடுக்கையில், வரலாறு எழுப்பிய வினாக்களையே எழுப்பினால் போதும். முதலாவது, கேட்பவர் யார்? 406 கருவியின் குரல் அரசுகளின் மீட்பு மையத்திற்குச் செல்கிறது. மாதக் கட்டணம் இல்லை. ஆனால், உரிமையாளரின் பெயரையும் உறவினரின் தொலைபேசி எண்ணையும் முன்கூட்டியே பதிவு செய்திருத்தல் வேண்டும். வணிகக் கருவியின் குரல் தனியார் மையம் ஒன்றிற்குச் சென்று, அங்கிருந்து உள்ளூர் அதிகாரிகளுக்குச் செல்கிறது. சந்தா தீர்ந்துவிட்டால் கருவி ஊமையாகிவிடும். இரண்டாவது, நாம் செல்லும் நாட்டில் அந்நிறுவனத்தின் கோளும் தரைநிலையமும் பணி புரிகின்றனவா? மூன்றாவது, மறுமொழி உண்டா? வெறும் அபயக் குரல் போதுமெனில் 406 கருவி எளியது, உறுதியானது. என்ன காயம், எத்தனை பேர், என்ன மருந்து வேண்டும் என்று உரையாடவும், இன்று வரத் தாமதமாகும் என்று வீட்டாருக்குச் சொல்லவும் விரும்பினால் இருவழிக் கருவியே ஏற்றது.

பயன்படுத்தும் முறையும் அறியத்தக்கது. கருவி வானத்தைப் பார்க்க வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரநிழலிலும் கோள் கடந்து செல்லும் வரை காத்திருக்க நேரும். ஆதலின், செய்தி போகச் சில நிமிடங்கள் ஆனால் பதற வேண்டியதில்லை. கடுங்குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும். இரவில் அதனை உடலோடு அணைத்து வைத்துக்கொள்வது நன்று. புறப்படுமுன் வீட்டு முற்றத்தில் நின்று ஒரு சாதாரணச் செய்தியை அனுப்பிப் பார்த்தல் வேண்டும். கருவி ஒருவர் பையில் மட்டும் கிடக்கலாகாது. அதனை இயக்கும் முறை குழுவில் குறைந்தது இருவருக்கேனும் தெரிந்திருத்தல் வேண்டும். அபாயப் பொத்தானை அழுத்திய பின், அவ்விடம் ஆபத்தானதாக இருந்தாலன்றி அங்கிருந்து நகரலாகாது. களைப்புக்கும் வழிச் சலிப்புக்கும் அப்பொத்தானை அழுத்துவது அறமன்று. நம்மைத் தேடி வருவோரும் அதே பனியில்தான் நடந்து வருகிறார்கள்.

கருவி இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. அது கம்பியில்லாத் தந்தியைவிடப் பழமையானது. எந்த வழியாகச் செல்கிறோம், எங்கெங்கே தங்குகிறோம், எந்த நாளில் எந்த நேரத்திற்குள் திரும்பவில்லையெனில் யாருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்தல். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பெயரைப் பதிவு செய்தல். திரும்பியதும் மறவாமல் தெரிவித்தல். மொழி வேறான மாநிலத்தில் வாழும் நமக்கு இது இன்னும் இன்றியமையாதது. ஊரிலுள்ள பெற்றோருக்கு இமயத்தின் வழிகள் தெரியா. உள்ளூர் அதிகாரிக்கு நம் வீட்டார் பேசும் மொழி தெரியாது. இருதரத்தாரிடமும் பேசவல்ல நண்பர் ஒருவர் நாம் வாழும் நகரிலேயே அத்தாளுடன் இருப்பாராயின், அவரே நமக்குத் தரைநிலையம் ஆவார். விண்ணிலுள்ள கோள் நம் குரலைக் கேட்கும். அக்குரலுக்காகத் தரையில் எழுந்து புறப்படுபவன் மனிதனே.